குப்பியில் கிடந்த நட்சத்திர மீன்

நேற்று வாங்கிய நெய்மீனைக் கழுவும்போது பார்மலின் வாடை மூக்கில் ஏறியது. சுனாமிக்கு அடுத்த வருடங்களில் யாரோ நன்கொடையில் கட்டிக்கொடுத்த எங்கள் கடலோரப் பள்ளி ஆய்வகத்தில், கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு, எதையும் தொடாதபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பூட்டிய கண்ணாடி அலமாரிக்கு முன்னால் வரிசையாக நகர்ந்தபோது அடித்த அதே வாடை.

அலமாரிக்குள், கெடாமலிருக்கப் பார்மலின் ஊற்றிய ஒரு குப்பியில் வெளிறிப்போன நட்சத்திர மீன் இருந்தது. அதன் ஐந்து கைகளில் ஒன்று ஒடிந்து அடியில் கிடந்தது. ஒடிந்த கை மறுபடி முளைக்கும் என்று பாடத்தில் இருந்தது. வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம், முளைக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, கரையில் வலை உதறும்போதெல்லாம் உயிருள்ள நட்சத்திர மீன்கள் மணலில் விழுந்துகொண்டிருந்தன. அப்படியொன்றை என் கூட்டுக்காரி ஜெனி ஒருநாள் வாளித் தண்ணீரில் கொண்டுவந்தாள். அதற்கு ஒடிந்த இடத்தில் விரல்நுனி அளவு புதுக் கை துளிர்த்திருந்தது.

“சார், முளைச்சிட்டு வருது சார், பாருங்க!”

அறிவியல் சார் மூக்கைப் பொத்தினார். “ஏட்டி, நாறுது. கொண்டு கடல்ல களஞ்சிட்டு வா. குப்பியில இருக்கதைப் பாத்து வரைஞ்சா போதும்.”

குப்பியில் இருந்தபடியே நான்கு கைகளோடு வரைந்தோம். “புத்தகத்துல அஞ்சுல்லா போட்டிருக்கு?” என்று எல்லாருக்கும் சிவப்பு மையில் தப்புப் போட்டார்.

அந்த ஆய்வகத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே இப்போது அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள்தான். குப்பியின் வாடை மட்டும் என் சமையலறை வரை வந்து, எத்தனை முறை கழுவியும் போகமாட்டேன் என்கிறது. அன்றைக்கு நாறியது ஜெனியின் வாளிதானாம்.