அனானிமஸ் அங்கிள்

செருப்ப வெளிய கழட்டிட்டு கம்ப்யூட்டர் லேபுக்குள்ள நுழைஞ்சா மொதல்ல அந்த வாசனைதான் வரும்... புது கார்பெட், ஏசி காத்து, பசங்களோட சாக்ஸ், எல்லாம் ஒண்ணா கலந்து. கரண்ட் போயிடுச்சுன்னா யூபிஎஸ் எல்லாம் சேந்து கத்தும். பசங்களும் கூடவே கத்துவாங்க.

பெங்களூர் பொம்மனஹள்ளில, மெயின் ரோட்டுலேருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு சின்ன ஸ்கூல். பி.எட். முடிச்சு நான் மொதல்ல வேலைக்கு சேந்த எடம். எட்டாம் கிளாஸுக்கு சயின்ஸ் மிஸ். பாதிப் பசங்களோட அம்மா கார்மென்ட்ஸ்ல வேலை பாக்கறவங்க.

இதயம் எப்படி துடிக்குதுன்னு நெட்ல ஒரு வீடியோ காட்டணும்னு எனக்கு ஆசை. சின்ன வீடியோதான். ஆனா அந்த வட்டம் இருக்கே... சுத்திக்கிட்டே இருக்கும். கொஞ்சம் ஓடும், நிக்கும், மறுபடி சுத்தும்.

"லோட் ஆகறவரைக்கும் சும்மா இருக்காம எதையாவது எழுதுங்கடா"ன்னு நெட்ல ஆரம்பிச்சதுதான் எங்க கிளாஸ் பிளாக்.

என்னென்னமோ எழுதினாங்க. ஒருத்தி அவங்க வீட்டு பல்லிய பத்தி. இர்ஃபான்னு ஒருத்தன், ரயில் போறப்ப அவங்க வீட்டு பாத்திரமெல்லாம் எப்படி ஆடும்னு. பவித்ரான்னு ஒரு பொண்ணு... கிளாஸ்ல வாயே தொறக்க மாட்டா. அவ மழைல பஸ்ஸுக்கு நின்னத எழுதினா.

யாரு படிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். ஒரு நாள் கமெண்ட் வந்துச்சு.

பேரு போடற எடத்துல அனானிமஸ். இங்கிலீஷ் எழுத்துல தமிழ். "ரொம்ப நல்லா இருக்கு கண்ணு. பல்லி இன்னும் இருக்கா?"

அவ்வளவுதான், கிளாஸே குதிச்சிடுச்சு. அடுத்த வாரம் இன்னும் நாலஞ்சு. அப்புறம் ஒரு போஸ்ட் விடல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரியாவது இருக்கும். "தம்பி, ரயில் சத்தத்துல தூக்கம் வருமா?" அப்படின்னு. வாராவாரம் வெள்ளிக்கிழமை. பசங்களே அவருக்கு அனானிமஸ் அங்கிள்னு பேரு வெச்சிட்டாங்க. சனிக்கிழமை காலைல லேபுக்கு ஓடறதப் பாக்கணுமே...

அப்புறம் ஒரு பேரண்ட் அதைப் பாத்துட்டு பிரின்சிபால் மேடம்கிட்ட சொல்லிட்டாங்க. மேடம் கன்னடக்காரங்க. என்னை ரூமுக்கு கூப்பிட்டாங்க.

"யாரு ரீ இவ்னு? யாருனே தெரியாத ஆளு பொண்ணுங்கள கண்ணுன்னு கூப்பிடறான். நாளைக்கே மூடிடுங்க."

அவங்க சொன்னதுல தப்பே இல்ல. பயம் எனக்கும் உள்ளுக்குள்ள இருந்துச்சு. கிளாஸுக்கு போயி, பிளாக் இன்னியோட முடிஞ்சுதுன்னு சொன்னேன். ஏன்னும் சொன்னேன்.

பவித்ரா எழுந்து நின்னா. 

"மிஸ்... அது எங்க அப்பா மிஸ்."

மொத்த கிளாஸும் அவ பக்கம் திரும்பிச்சு.

"மஸ்கட்ல இருக்காரு. மெஸ்ல சமையல் வேலை. வெள்ளிக்கிழமை லீவு, அன்னிக்கு நெட் சென்டர் போவாரு."

"அப்ப ஏம்மா எல்லாருக்கும் எழுதறாரு?"

"எனக்கு மட்டும் எழுதினா மத்தவங்க பாவம்ல மிஸ்... மொதல்ல இர்ஃபானுக்கு யாருமே எழுதல. நான்தான் போன்ல சொன்னேன், எல்லாருக்கும் எழுதுப்பான்னு."

இர்ஃபான் தலைய குனிஞ்சுக்கிட்டான். நான் நேரா மேடம்கிட்ட போயி சொன்னேன், அவங்க பவித்ரா அம்மாவுக்கு போன் போட்டாங்க.

அன்னிக்கு மத்தியானம் அவ அம்மா ஃபேக்டரில பர்மிஷன் போட்டுட்டு ஓடி வந்தாங்க. கழுத்துல ஐடி கார்டு அப்படியே தொங்குது.

"எங்க வீட்டுக்காரருதாங்க மேடம். தப்பா ஏதாச்சும் எழுதிட்டாரா? அவருக்கு கம்ப்யூட்டரெல்லாம் சரியா வராது. பேரு எங்க போடறதுன்னு கூட தெரிஞ்சிருக்காது..."

மேடத்துக்கு தமிழ் பேச வரும், ஆனா இங்கிலீஷ் எழுத்துல இருக்கற தமிழ படிச்சா புரியாது. கமெண்ட் ஒவ்வொண்ணையும் என்னை வாசிக்க சொன்னாங்க. வாசிச்சேன். பாதியில கண்ணாடிய கழட்டி தொடைச்சாங்க. கடைசில சொன்னாங்க, "பேரு போட்டு எழுத சொல்லுங்க. அஷ்டே, அவ்வளவுதான்."

அடுத்த வெள்ளிக்கிழமை: "நான் பவித்ரா அப்பா தேவராஜ். எல்லாரும் மன்னிக்கணும். தொடர்ந்து எழுதுங்க."

அந்த ஒரு கமெண்ட்டுக்கு கீழ மொத்த கிளாஸும் பதில் போட்டுச்சு.

சயின்ஸ் எக்ஸிபிஷன் வந்தப்ப, பவித்ரா இதயத்த பத்தி பேசினத என் டிஜிட்டல் கேமராவுல எடுத்தேன். வாயே தொறக்காத பொண்ணு, அன்னிக்கு கணீர்னு பேசினா. அதை அப்லோட் பண்றதுக்கே மத்தியானம் பூரா ஆச்சு. வாட்ச்மேன் சாவிய வெச்சுக்கிட்டு வாசல்லயே நின்னுட்டாரு.

அந்த வெள்ளிக்கிழமை ஒண்ணும் வரல. அதுக்கு அடுத்த வாரம்தான் வந்துச்சு.

"இங்க நெட் சரியில்ல. ஒரு நிமிஷம்தான் ஓடுச்சு. அதையே திரும்பத் திரும்ப பாத்தேன். குரல் அவ அம்மா குரல் மாதிரியே ஆயிடுச்சு, போன்ல இது தெரியல. நான் கெளம்பறப்ப சின்னக் குரலா இருந்துச்சு."

ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து அழுதேன். ஹிந்தி மிஸ் என்னாச்சுன்னு கேட்டாங்க, வீடியோ லோட் ஆயிடுச்சுன்னு மட்டும் சொன்னேன்.

அந்த வருஷக் கடைசில லீவுல வந்தாரு. ஒல்லியா, வெள்ளை சட்டை போட்டுக்கிட்டு, கைல ஒரு பெரிய பேரீச்சம்பழ பாக்கெட். நேரா கிளாஸ் வாசல்ல வந்து நின்னாரு. பவித்ரா ஓடிப் போயி கட்டிக்கிட்டா. 

அப்புறம் அவ தோள்ல கை போட்டுக்கிட்டே மெதுவா கேட்டாரு, "இதுல ரயிலு யாரு? பல்லி யாரு?"

ஒவ்வொருத்தரா கைய தூக்கினாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி, அவங்க எழுதினத அவங்களுக்கே சொன்னாரு.

இப்ப நான் வேற ஸ்கூல்ல இருக்கேன். எல்லா ரூம்லயும் ஸ்மார்ட் போர்டு. இதயம் தொட்ட உடனே துடிக்குது. பசங்க எழுதினத பேரண்ட்ஸ் குரூப்ல போட்டா, அடுத்த நிமிஷமே வரிசையா கட்டை விரல் படம் வந்து விழுது. வெளிநாட்டுல இருக்கற அப்பாங்க தினமும் வீடியோ கால்ல புள்ளைங்க முகத்த பாக்கறாங்க. தேவராஜ் அண்ணனுக்கு அன்னிக்கு இது கெடைச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன். அந்த வகையில இந்தக் காலம்தான் ஒசத்தி, சந்தேகமே இல்ல.

ஆனா... லீவு நாள்ல, காசு குடுத்து நெட் சென்டர்ல உக்காந்து, ஒத்த வெரல்ல தட்டித் தட்டி, அடுத்தவங்க புள்ளைக்கு ஒரு வரி எழுதின மனுஷன்... அப்படி ஒருத்தர அதுக்கப்புறம் நான் பாக்கவே இல்ல.