பாறைமேல் இருந்த கற்கள்

காலை ஐந்து ஐம்பதுக்கு நான் முதலில் பார்த்தது, வெடித்த இரண்டு குதிகால்களை. செங்கல்பட்டுக் காப்புக்காட்டின் பாறைத் தடத்தில் ஒரு பெண் வெறுங்காலுடன் ஓடிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் நடந்து களைத்த நான் ஒரு பாறையில் கிடந்த கூழாங்கற்களைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். தடத்தைச் சுற்றி வந்த அந்தப் பெண் அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இன்னா சார், தள்ளிவுட்டீங்களா? ரவுண்டுக்கு ஒரு கல்லு வெச்சிகினு வந்தேன். பத்து ஓடணும். இப்ப எத்தினின்னு தெரில.”

மன்னிப்புக் கேட்டேன். “எட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.”

“அடுத்த வாரம் போலீஸ் செலக்சன் சார். வயசு முடியுது, இதான் கடைசி. நானா வெச்சிகினா அங்க எவன் ஒத்துக்குவான்?”

அந்த முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். பாறையில் வெயில் ஏறியிருந்தது.

ஆறு ஐம்பதுக்கு மறுபடியும் முதல் சுற்றைத் தொடங்கினார்.