சிவப்பு நூல் கட்டிய யூரியா மூட்டை

உர டெப்போ வாசலில் யூரியாவுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளையார்பாளையத்துப் பட்டுச் சாயக்காரர் ஏகாம்பரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏறி மிதிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. "பச்சையம்மா பூட்டாங்கமா. ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சிடுச்சு" என்றார். மஞ்சள் காமாலை என்று போன வாரம்தான் சேர்த்திருந்தோம். வரிசையை விட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா போவாள் ஒருத்தி?

மாதர் சங்கத்தில் அவளைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நம் ஓரிக்கை ஊரில் பச்சையம்மா அக்காவைத் தெரியாதவர்கள் யார் இருக்கிறீர்கள்? என் கழனிக்கும் அவள் கழனிக்கும் நடுவே ஒரே ஒரு வரப்பு. அந்த வரப்பில் நாங்கள் போட்ட சண்டைகள் உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

மூட்டை உரம் ஊருக்குள் வந்த புதிதில் ஆம்பிளைகளே தொடப் பயந்தார்கள். மண் செத்துவிடும் என்றார்கள். அக்காதான் முதலில் வாங்கினாள். ஆனால் எருவையும் விடவில்லை, கொளுஞ்சித் தழையையும் விடவில்லை. "மூட்டை உரம் சோறு மாதிரிடி சரசு. தழையும் எருவும் கொழம்பு. வெறுஞ்சோத்த எத்தினி நாளைக்குத் துன்னும் மண்ணு?" என்பாள். மூட்டையைப் பிரித்ததும் ஈரக் கையில் ஒரு பிடி அள்ளிப் பார்ப்பாள். "யூரியான்னா கை ஜில்லுனு ஆவணும். ஆவலன்னா கடைக்காரன் ஏமாத்திட்டான்னு அர்த்தம்." அவள் கழனி கரும்பச்சையாக நிற்கும். என்னுடையது பக்கத்தில் சோகை பிடித்தாற்போல் இருக்கும். எனக்குப் பொறாமைதான், சொல்வதற்கென்ன.

பிறகு உரப் பஞ்சம் வந்தது. கப்பல் வரவில்லை என்றார்கள், எண்ணெய் விலை என்றார்கள். புது ரக நெல்லோ உரம் இல்லாவிட்டால் மஞ்சளாகி நின்றுவிடும். அந்த ஒரு போகத்தை நம்பித்தான் அக்கா வீட்டில் ஐந்து வயிறு. எப்படியோ அலைந்து ஒரே ஒரு மூட்டை வாங்கினாள். ஊருக்குக் கொண்டுவந்தால் ஆளுக்கு ஒரு படி கேட்பார்கள், இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அதனால் நடவு முடியும்வரை டெப்போவுக்குப் பக்கத்திலிருந்த ஏகாம்பரம் வீட்டுக் கொட்டகையில் மறைத்து வைத்தாள். அடையாளத்துக்கு அவர் வீட்டில் கிடந்த சிவப்புப் பட்டு நூல் கழிவை எடுத்து மூட்டையின் வாயைக் கட்டினாள்.

அட கடவுளே! சாயக்காரர் வீட்டில் சிவப்பு நூல் ஓர் அடையாளமா? அவர் வீட்டில் எல்லா மூட்டையையும் அதே நூலால்தான் கட்டுவார்கள். பட்டின் பசையைப் போக்க சவுக்காரத்தோடு கொதிக்க வைக்கும் சோடா உப்பையும் காலி யூரியாச் சாக்கில்தான் கொட்டி வைப்பார்கள். இது நம்மூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். பயம் அறிவை மறைத்துவிட்டது.

ஏகாம்பரம் வீட்டிலிருந்து வண்டியில் வந்த மூட்டையை அவளே பிரித்தாள். குருணையாக இல்லாமல் மாவு மாதிரி இருந்தது. அந்த வருஷம் உரம் கப்பலுக்குக் கப்பல் ஒரு தினுசாக வந்ததால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. தன் மூட்டைதானே என்று கை வைத்தும் பார்க்கவில்லை. தூவ ஆரம்பித்தாள். நடுவில் ஒரு தரம் கையை உதறினாள். "இன்னாடி வெயிலு, கையெல்லாம் எரியிது" என்றாள். நானும் ஆமாம் போட்டேன்.

கடைசிப் பாத்தியில் நிற்கும்போது ஏகாம்பரம் சைக்கிளில் பறந்து வந்தார். அவர் வீட்டு அண்டாவில் பட்டு வேகாமல் மூத்திர வாடை கிளம்பியிருக்கிறது. வண்டியை வாய்க்காலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். "போடாதம்மா! அது சோடாமா! உன் மூட்டை எங்கிட்ட இருக்குது!" அக்கா காலிக் கூடையைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். "அதான் எரிஞ்சுதா" என்றாள். அவ்வளவுதான். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மடையை உடைத்தோம். என் முறைத் தண்ணீரையும் அவள் கழனிக்கே திருப்பினேன். விட்டு விட்டு வடித்தோம், பைத்தியம் பிடித்த மாதிரி மூன்று பேரும் மண்வெட்டியோடு ஓடினோம். ஒன்றும் நடக்கவில்லை. நுனி கருகி, தாள் கருகி, இரண்டொரு நாளில் கழனி முழுக்க வைக்கோலாகிவிட்டது. அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஏகாம்பரம் மிச்ச யூரியாவைக் கொண்டுவந்து போட்டுவிட்டு அவள் காலில் விழப் போனார். அவள் அவரைப் பிடித்து நிறுத்தினாள். மூட்டையை என் வரப்புக்குத் தள்ளினாள். "உன் கழனியில போடு" என்றாள். நான் மாட்டேன் என்று கத்தினேன். அவள் என்னைவிட உரக்கக் கத்தினாள். "என்னுதுதான் செத்துப்போச்சே! பொணத்துக்கா சோறு போடுவேன்? ஒண்ணாவது தேறட்டும்டி!"

என் பயிர் தேறியது. தினமும் காலையில் வந்து என் வரப்பில் குந்திக்கொண்டு பார்ப்பாள். "பச்சையா இருக்குது இல்ல?" என்பாள். நான் குனிந்து களை பறிப்பேன். அறுத்ததில் பாதியை அவள் வீட்டில் கொட்டினேன். சண்டை போட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள். அது போதவில்லை. உழவு மாடுகளை விற்றாள். மாடு போனதோடு எருவும் போனது. அந்த மண் அடுத்த போகத்திலும் திட்டுத் திட்டாகத்தான் பச்சை காட்டியது. சோடா உப்பை முறிக்க ஜிப்சம் போட்டாள், தழையைத் தலையில் சுமந்து வந்து மிதித்தாள். மண் தேறிக்கொண்டு வந்தது. அவள் உடம்பு தேறவில்லை. இந்தப் போகம்தான் பழையபடி விளையும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கதிர் பால் பிடிக்கும் முன்பே போய்விட்டாள். இது என்ன நியாயம், யாரைப் போய்க் கேட்பது?

வீட்டில் கிடத்தியிருந்தபோது அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். காய்த்துப்போன கை. ஜில்லென்று இருந்தது.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். எந்த மூட்டை வந்தாலும் கையை நனைத்து உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூவுவேன். நேற்று என் யூரியா வந்தது. அவள் கழனிக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன். நூலைப் பிரித்துக் கையை விட்டேன். ஜில்லென்று இருந்தது. நல்ல உரம்தான் அக்கா. கையை வெளியே எடுக்கத்தான் எனக்கு மனசு வரவில்லை.