மலையேறினால் குறி தப்பும் பிஸ்டல்

குறி தப்புகிற துப்பாக்கியோடு கடைக்கு வருகிற யாரும், கூடவே தன் கையையும் கொண்டுவந்திருப்பதாக ஒத்துக்கொள்வதே இல்லை. பழைய போன், பழைய மோட்டார், பழைய ஸ்கூட்டர் என்று எதையாவது விற்றுவிட்டு, அப்புறம் போன் மணி அடித்தாலே எடுக்காமல் ஒளிகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும். மற்றவர்களும் படிக்கலாம், நஷ்டமில்லை.

நான் ப்ளஸ் டூ கணக்கில் தோற்றவள். மறுபடி எழுதச் சொன்னார்கள், எனக்கு இஷ்டமில்லை. சமவெளி ஊரான கொழிஞ்சாம்பாறையில் ரஷீது பாயின் ஏர்கன் கடையில் சேர்ந்துவிட்டேன். முன்னால் கடை, பின்னால் பத்து மீட்டருக்கு ஒரு தகரக் கொட்டகை, அதன் கோடியில் டார்கெட் அட்டை. எல்லாம் லைசென்ஸ் வேண்டாத காற்றுத் துப்பாக்கிகள். பழையதை வாங்கிச் சரிபண்ணி விற்பது என் பிரிவு. பிரிவு என்றால் ஒரு ஸ்டூல், ஒரு ஸ்க்ரூடிரைவர் டப்பா.

கை

பழனிச்சாமி அண்ணனுக்கு ஊருக்குக் கிழக்கே தென்னந்தோப்பு. பெண்டாட்டி மலைமேல் இருக்கும் வண்டன்மேட்டுக்காரி. அதனால் மலையில் உள்ள கடைகளுக்கு வாரா வாரம் தேங்காய் ஏற்றிப்போவார். அவருடைய கொழுந்தியா ஜெயக்கொடி அங்கே ஒரு கிளப்பில் பிஸ்டல் சுடப் பழகுகிறாள். என்னைவிட ஒரு வயசு சின்னவள். கிளப்பில் இருக்கிற ஒரே பிஸ்டலுக்கு நாலைந்து பேர் காத்துக் கிடக்கிறார்கள் என்று, அண்ணன் எங்களிடம் ரெண்டாங்கையாக ஒரு குட்டிப் பிஸ்டல் வாங்கிக் கொடுத்தார். மேல்பாகத்தைத் திறந்து அழுத்தி மூடினால் காற்று அடைபடும். ஒரு தடவை அடைத்தால் ஒரு குண்டு, அவ்வளவுதான். நானே சுட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் ஜெயக்கொடி அதைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள், அங்கிருந்து நேரே கடைக்கு. "மலையில சுட்டா எங்கெங்கயோ போகுதுக்கா." எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. துப்பாக்கியில் ஒன்றுமில்லை, உன் கைதான் சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவள் பிஸ்டலை எடுத்துக்கொண்டாள். கொட்டகைக்குப் போய், அடைத்து, சுட்டாள். மறுபடி மறுபடி சுட்டாள். எல்லாக் குண்டும் ஒரு பத்து ரூபாய் நாணயத்தில் அடங்குகிற மாதிரி ஒரே இடத்தில் போய் விழுந்தது. அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"அங்கயும் இதே கைதான்க்கா. பஸ்ஸுல வரும்போது மாத்திக்கிட்டு வரல."

ஸ்க்ரூ

சரி, வேறு காரணம் தேடவேண்டியதுதான். குறி பார்க்கக் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின்குறியை அசைத்துப் பார்த்தேன், லேசாக ஆடியது. மலைப்பாதையில் தேங்காய் மூட்டையோடு மூட்டையாகக் குலுங்கினால் எந்த ஸ்க்ரூதான் இறுக்கமாக இருக்கும்? அதை இறுக்கி, மறுபடி கழலாமலிருக்க மேலே ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தேன். பேரலுக்குள் துணி விட்டு இழுத்தேன். துணியில் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. எங்கள் ஊரில் எதில்தான் அந்த வாசம் அடிக்காது? என் தலையிலிருந்தே வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த லோடுக்குப் போகும் முன்பு வாங்கிப்போக வந்த பழனிச்சாமி அண்ணன், ஸ்க்ரூ மேல் இருந்த ரோஸ் நிறப் பொட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, பொட்டு வெச்சிட்டீங்க, பூவு வெக்கிலீங்களா?"

குண்டு

மலையிலிருந்து போனில் ஒரு படம் வந்தது. டார்கெட் அட்டை. ஓட்டைகள் பாதிக்கு மேல் கருப்பு வட்டத்துக்குக் கீழே, இறைத்துவிட்ட கடுகு மாதிரி. துப்பாக்கி திரும்பி வந்தது. இந்த முறை குண்டு டப்பாவைக் குடைந்தேன். ஈயக் குண்டு மெத்தென்று இருக்கும், விளிம்பு நசுங்கினால் நேராகப் போகாது. நசுங்கியதைப் பொறுக்கி எறிந்தேன். வேறு வேறு கம்பெனிக் குண்டுகளாகப் போட்டுச் சுட்டேன். எங்கள் கொட்டகையில் எதைப் போட்டாலும் நன்றாகத்தான் சுட்டது. நடுமதியத் தகரச் சூட்டில் வியர்வை வழிய நான் நிற்கிறேன், அது பாட்டுக்குக் கருப்பின் நடுவிலேயே அடிக்கிறது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அதைச் சுவரில் அடித்திருப்பேன். புதுக் குண்டு டப்பாவோடு மலைக்கு அனுப்பினேன். திரும்பவும் கடுகுதான்.

ரஷீது பாய் போனில் வந்த மலை அட்டையையும் எங்கள் கொட்டகை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மலைக்கும் இதுக்கும் ஏதோ குடும்பத் தகராறு புள்ளே. நாம நடுவுல போகக் கூடாது."

போன்

பிஸ்டல் மறுபடி எங்களிடம் வந்து சேர்ந்திருந்தபோது ஜெயக்கொடி கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீம் செலக்‌ஷன். கிளப் பிஸ்டலை நன்றாகச் சுடுகிறவர்களுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள், அவளுடைய அட்டைகளைப் பார்த்தவர்கள் அவளைக் கடைசியில் தள்ளிவிட்டார்கள். பயந்த கை என்று சொல்கிறார்களாம். டீமில் வந்தால் விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட் கேட்கலாம், மார்க்கை வைத்து ஒன்றும் கிடைக்காது. ஜூனியரில் இதுதான் அவளுக்குக் கடைசி வருஷம்.

அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "காலேஜ் இல்லாட்டி என்ன இப்ப? நான் போகல, நல்லாத்தானே இருக்கேன்" என்றேன். அழுகை நின்றது.

"படிக்காம இருக்கிறது உங்க இஷ்டம்க்கா. நான் எஸ்டேட்ல ஏலக்கா எடுக்கப் போனா, அது என் இஷ்டம் இல்ல."

எண்ணெய்

வெள்ளிக்கிழமை காலை. தை மாசம், மலை இடுக்கு வழியாக வரும் கணவாய்க் காற்று வாசலில் வாளியை உருட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு வைக்க எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளையாக உறைந்து கிடந்தது. வழக்கம்போல சுடுதண்ணீர்ச் செம்பில் பாட்டிலை நிறுத்திவிட்டு, சீப்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். இங்கேயே இப்படி என்றால் வண்டன்மேட்டில்? அன்று பேரல் துணியில் அடித்த வாசம் என் தலையிலிருந்து வந்ததுதானா?

பாதி பின்னிய சடையோடு பழனிச்சாமி அண்ணன் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். துப்பாக்கிக்கு எண்ணெய் ஏதாவது போட்டீர்களா என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. ஒவ்வொரு தடவையும் லோடில் வைக்கும் முன்பு, காற்று அடைக்கும் இடத்தைத் திறந்து, உள்ளே தாராளமாக விடுவாராம். பாசத்தோடு செய்திருக்கிறார் மனுஷன். அந்த எண்ணெய் மலைக்குளிரில் உறைந்து, உள்ளே காற்றைக் கசியாமல் அடைக்கும் வாஷரைப் பிடித்துக்கொள்ளும். காற்று ஒரு தடவை போல ஒரு தடவை அடைபடாது. குண்டு எப்படி ஒரே இடத்துக்குப் போகும்? திட்டத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"நம்ம தோப்பு எண்ணெய்ங்க, செக்குல ஆட்டுனது. நம்ம புள்ளை துப்பாக்கிக்குக் கடை எண்ணெய் விடுவனுங்களா?"

பிரிட்ஜ்

எனக்குத் தோன்றியது சரியா என்று பார்க்கவேண்டும். வண்டன்மேட்டுக்கு ஓடிப்போகவா முடியும்? கடைக்குப் பின்னாலேயே பாய் வீடு. பிஸ்டலை அப்படியே பாலிதீன் பையில் சுற்றி, அவர்கள் பிரிட்ஜில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துச் சுட்டேன். கீழே, இன்னும் கீழே, ஓரத்தில். கடுகு! கொட்டகையில் தனியாக நின்று கத்திவிட்டேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு சந்தோஷமாகக் குறி தப்பியதில்லை.

அப்புறம் பிரித்தேன். வாஷர் இருந்த இடமெல்லாம் பிசுபிசு. சுத்தமாகத் துடைத்து, வாஷரை மாற்றி, குளிரில் உறையாத சிலிக்கான் எண்ணெயைத் தொட்டுத் தடவிப் பூட்டினேன். மறுபடி பிரிட்ஜ். எடுத்துச் சுட்டால், பழைய பத்து ரூபாய் நாணயம். இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று திரும்ப வைக்கப்போனபோது, சாப்பிட வந்த பாய் என்னைப் பிடித்துவிட்டார். என் ஒரு கையில் பிஸ்டல், இன்னொரு கையில் இடத்துக்காக வெளியே எடுத்த தயிர்.

"போலீஸ் வந்து பாத்தா இதை எந்தக் குழம்புக்குன்னு சொல்லட்டும் புள்ளே?"

ஞாயிறு

சனிக்கிழமை பழனிச்சாமி அண்ணன் லோடு ஏற்றவில்லை. பஸ்ஸில் போனார், பிஸ்டல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. தொடக் கூடாது, திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கித்தான் அனுப்பினேன். ஞாயிறு காலை முழுக்க நான் கடையில் யாருக்கும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. வாஷரைச் சரியாக உட்காரவைத்தேனா? ஸ்க்ரூவை இறுக்கினேனா? கணக்குப் பரீட்சை முடிவுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை.

மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் மூக்கு உறிஞ்சும் சத்தம். போச்சு என்று நினைத்தேன். "டீம்ல எடுத்துட்டாங்கக்கா, கடைசி இடம்" என்றாள். கடைசியா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவளுக்குக் கோபமில்லை, அவசரத்தில் இருந்தாள்.

"எனக்கு அடுத்த புள்ள ஒரே ஒரு பாயின்ட்ல வெளிய போயிட்டாக்கா, உக்காந்து அழுதுட்டிருக்கா. டீ வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் கூப்பிடுறேன்."

பாட்டில்

மலையிலிருந்து இறங்கிய பழனிச்சாமி அண்ணன் கடைக்கு வந்தார். துண்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தார், அவர் தோப்பு எண்ணெய். நான் பாட்டிலைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார்.

"தலைக்கு மட்டுமுங்க அம்மிணி."

ஆகவே, ரெண்டாங்கைத் துப்பாக்கி குறி தப்புகிறது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் கையைப் பற்றிக் கேட்பதில்லை. வீட்டில் இதன் மேல் ரொம்பப் பாசமாக இருக்கிறவர் யார் என்றுதான் முதலில் கேட்கிறேன்.