சேவல் இல்லாத கோழிகள்

சென்ற மாதம் டாக்டர் சொன்ன ஒரே வார்த்தையில் எங்கள் மயிலாப்பூர் வீடு இரண்டுபட்டது.

“முட்டை.”

என் பெண்ணுக்கு இரண்டு வயது. ஒரு மாதக் காய்ச்சல் விட்டபோது கையும் காலும் குச்சியாகியிருந்தன. தினம் ஒரு முட்டையைப் பாலில் அடித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் தேறுவது கஷ்டம் என்றார். நாங்களோ பரம்பரைச் சைவம். அந்த வார்த்தையையே வீட்டில் தாழ்ந்த குரலில்தான் சொல்வோம்.

“ஓர் உயிரைக் கரைச்சுக் குடுத்து இன்னோர் உயிரை வளர்க்கிறதா?” என்று மாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் அம்மா பக்கமா, டாக்டர் பக்கமா? அவர் ஆபீஸ் பக்கம் போய்விட்டார்.

நான் சைதாப்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

அங்கே எங்கள் அண்ணா இருக்கிறார் – அதாவது, என் நாத்தனாரின் கணவர். இன்டர்மீடியட் படித்தவர். குமாஸ்தா வேலை தேடி வந்தும் வேண்டாமென்று, ஆற்றங்கரையில் இருந்த மூன்று காணி நிலத்தில் இறங்கினார். நெல், கீரை, கத்தரிக்காய். ஒரு வருஷம் அடையாறு பெருகி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. அடுத்த தோட்டத்தில் ரிடையரான இன்ஜினீயர் ஒருவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்தபோது, அண்ணா கூட்டுச் சேர்ந்தார். காலையில் வயல், பிறகு பண்ணை... எட்டு வருஷமாக இதுதான்.

குஞ்சு பொரிக்க இன்குபேட்டர் என்று ஒரு பெட்டி. சூட்டுக்கு மண்ணெண்ணெய் விளக்கு. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு குறி. காலையில் குறி மேலே இருந்தால் மாலையில் கீழே இருக்கவேண்டும். புரட்ட மறந்தால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம். ஆகவே இருபத்தொரு நாள் மனுஷர் நகரமாட்டார். என் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அன்று பன்னிரண்டாம் நாளாம்!

விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் கேட்டுவிட்டேன்.

“அண்ணா, நீங்க சாப்பிட்டதுண்டா?”

“இல்லைம்மா.”

“எட்டு வருஷத்துல ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்லை.”

“அப்போ குழந்தைக்கு மட்டும் எப்படிக் குடுக்கச் சொல்வீங்க?”

“எனக்கு எந்த டாக்டரும் சொல்லலையேம்மா.”

என்னைத் தோட்டத்தின் கோடிக்கு அழைத்துப்போனார். கம்பி வலைக்குள் பெட்டைக் கோழிகள் மட்டும். அந்த முட்டைகள் வெயிலிலும் சீக்கிரம் கெடாது என்று பங்களாக்காரர்கள் வாங்குவார்களாம். தீவனம் போட்டுக்கொண்டிருந்த பண்ணையாள் கன்னியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னாம்மா இப்டி முழிக்கிற? இதுங்க சேவ மூஞ்சியே பாக்காத கோழிங்க. இந்த முட்டைய வருசம் பூரா பொட்டில வச்சிக்கினு இருந்தாலும் குஞ்சு வராது. உசுரே கெடியாது. இதுங்க கழுத்துல உத்திராச்சம் ஒண்ணுதான் கட்டல!”

நம்பலாமா? எனக்காகச் சொல்கிறார்களா? நம்பினாலும் மாமியாரிடம் யார் சொல்வது?

“நான் வரேன்” என்றார் அண்ணா.

மறுநாள் காலையில் குளித்து, விபூதி பூசி, கூடையோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே வரமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வார். நான்தான் தந்திக் கம்பி.

“மாப்பிள்ளை கையில என்னன்னு கேளு.”

“முட்டை, அத்தை.”

கதவுக்குப் பின்னாலிருந்து அடுத்த தந்தி வந்தது.

“உயிரு பாவம்னு சொல்லு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணா கதவைப் பார்த்து, வகுப்பு எடுப்பதுபோல் நிதானமாகத் தொடங்கினார். “இதுல உயிர் கிடையாதுங்க, அத்தை. பெட்டைக் கோழி தானா முட்டை போடும். ஆனா அதுல உயிர் வரணும்னா சேவல் வந்து–”

“ஐயய்யோ!” கதவுக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின. “போதும்! வாங்கி உள்ளே வை! காப்பி குடு அவருக்கு!”

மாப்பிள்ளை வாயால் சேவல் சமாசாரம் கேட்பதா? அதற்கு முட்டையே மேல் என்று தோன்றியிருக்கவேண்டும். சாஸ்திரத்தைச் சாஸ்திரத்தால் ஜெயிக்க முடியுமோ முடியாதோ... கூச்சத்தால் ஜெயிக்கலாம். அண்ணா அதை அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா? அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, பண்ணையில் முட்டை புரட்ட நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

முட்டை அடுக்களை அடுப்பில் ஏறக்கூடாது, கொல்லையில் தனிக் குமுட்டி அடுப்பு, தனித் தம்ளர் – இவை அத்தையின் நிபந்தனைகள். மீறவில்லை. ஆனால் முதல் நாள் தம்ளரைக் குழந்தை உதட்டில் வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டது நான்தான். செய்வது பாவமா, செய்யாமல் விடுவது பாவமா?

இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கன்னத்தில் சதை தெரிகிறது. முட்டையை நிறுத்திவிடலாம் என்கிறார் டாக்டர்.

அதுதான் புதுக் கவலை. அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது!