இரண்டு மெத்தைக்கடைகளும் ஒரே திரையும்

அப்பாவின் மெத்தைக்கடையை அண்ணனும் தம்பியும் நடுவில் பலகை அடித்துப் பிரித்துக்கொண்டபோது, இருவருக்கும் இடையில் பிறந்தவளுக்கும் பங்கு கிடைக்கத்தான் செய்தது. ஒரு மெத்தை. இரட்டைக் கட்டில் அளவு, பூப்போட்ட உறை.

"பொம்பளப் புள்ளைக்குக் கடை எதுக்கு பாப்பா? நிம்மதியாத் தூங்கு" என்றார் அண்ணன்.

யாருக்கு முதுகுவலி, யார் வீட்டில் மாமியாரும் ஒரே அறையில் படுக்கிறார் என்று பார்த்துப் பார்த்து மெத்தை தேர்ந்து கொடுத்ததும், கல்லாவைக் கட்டி ஆண்டதும் அவள்தான். ஆகவே நிம்மதியாகத் தூங்கவில்லை. மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, போகும்போதும் வரும்போதும் ஒரு குத்து விட்டாள். நல்ல மெத்தை, எத்தனை குத்தினாலும் பழைய வடிவத்துக்கே திரும்பியது. அவள் கோபமும் அதே தரம்.

அவளுக்கு வேண்டியவை இரண்டு. கல்லா நாற்காலி திரும்பக் கிடைக்க வேண்டும். அதைப் பறித்தவர்கள் ஊரறியத் தலைகுனிய வேண்டும்.

பழி வாங்கக் காத்திருப்பவர்களுக்கு வழி தானாகவே வாசலுக்கு வரும். முதலில் அண்ணன் வந்தார்.

"கடைக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டா எல்லாம் வேணுமாம் பாப்பா. நீ சும்மாதானே இருக்க, பாத்துக்கயேன். தம்பிகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத."

சில நாள் கழித்து தம்பி பின்வாசல் வழியாக வந்தான். "அக்கா, என் கடைக்கும் பண்ணிக் குடேன். அண்ணனுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள் இருவரிடமும். சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றினாள் என்பதை அவள் பெருமைக்காகச் சொல்லியாக வேண்டும்.

இணையத்தில் ஒரு தளம் கிடைத்தது. எல்லாக் கணக்குகளையும் அதில் ஒரே திரையில் பத்தி பத்தியாக வைத்துக்கொள்ளலாம். எழுதி, நேரம் குறித்துவிட்டால் போதும். இவள் துணி காயப்போடும் வேளையில் பதிவு தானே போய் ஒட்டிக்கொள்ளும். இடது பத்தியில் அண்ணனை வைத்தாள். வலது பத்தியில் தம்பியை வைத்தாள். நடுவில் ஒரு கோடு.

அன்றே போர் தொடங்கியது.

"சிலர் மெத்தையில் பஞ்சு இருக்கும், சிலர் மெத்தையில் வாய்ப்பேச்சு மட்டும்" என்றது இடது பத்தி.

"மூத்தவருக்குத் தூக்கமில்லையாம். தன் கடை மெத்தையிலேயே படுப்பார் போல" என்றது வலது பத்தி.

அண்ணன் போனில் கொதித்தார். "அவன் திமிரப் பாத்தியா? நறுக்குன்னு நாலு குடு!"

"குடுத்துடலாம்ணா."

தம்பியும் கொதித்தான். "அக்கா, விட்டுடாத!"

"விடுவேனா?"

ஆனால் விதி விளையாடியது. சண்டையை ரசித்த ஊர் கடைகளையும் வேடிக்கை பார்க்க வந்தது. வந்த கையோடு தலையணை வாங்கியது. இரண்டு பக்கமும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. குழி வெட்டிய இடத்தில் புதையல் கிளம்பினால் வெட்டியவளுக்கு எப்படி இருக்கும்? அந்த எரிச்சலில் ஒருநாள் நேரத்தை மாற்றிக் குறித்துவிட்டாள். குறட்டை விடுவதில்லை என்று அண்ணன் மறுத்தது காலையிலேயே வந்துவிட்டது. குறட்டை விடுகிறார் என்று தம்பி கிண்டல் செய்தது சாயங்காலம்தான் வந்தது.

ஊர் கவனிக்காமல் சிரித்தது. அண்ணி கவனித்தாள். போனும் கையுமாக வந்து நின்றாள்.

"பதில் காலையில, கேள்வி சாயங்காலமா? இது என்னம்மா, புள்ள பொறந்த அப்புறம் பொண்ணு பாக்கறதா?"

இவள் மடிக்கணினியை மூடினாள். அண்ணி திறந்தாள். இரண்டு பத்தியையும் மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"ரெண்டு பேருமே நீதானா?"

"ஆமாண்ணி."

"'வெளியில சிங்கம், வீட்டுல வாயே தொறக்காது'ன்னு உங்க அண்ணனப் போட்டிருந்துதே, அதுவுமா?"

"அதுவும்தான்."

அண்ணி உட்கார்ந்தாள். "முழுப் பொய்டி. வீட்டுலதான் அந்த வாய் மூடறதே இல்ல. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டு எழுதக் கூடாதா?"

நாத்தனாரும் அண்ணியும் ஒரே கட்சியில் சேர்வது கிரகணம் மாதிரி. நடக்கும்போது வெளியில் நடமாடாமல் இருப்பது ஆண்களுக்கு நல்லது.

"திட்டினா அவருக்குத் தெம்புதான் ஏறும்" என்றாள் அண்ணி. "புகழ்ந்து வுடு. தானா வந்து மாட்டிக்குவார்."

மறுநாள் இரண்டு பத்தியிலும் சண்டை இல்லை. "இந்தக் கடையைத் தூக்கி நிறுத்தியவள் என் தங்கை. ஒரு மெத்தையைக் கொடுத்து அவளை வெளியே அனுப்பியதற்கு வெட்கப்படுகிறேன். இனி கல்லா நாற்காலி அவளுக்கே" என்றது இடது. அதே வெட்கத்தை வலதும் பட்டது. கூடவே கடையில் பங்கும் தருவதாகச் சொன்னது. ஊர் கண்ணீர் வடித்தது. கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன.

"என்னத்த எழுதித் தொலைச்ச? ஒடனே எடு!" என்று அலறினார் அண்ணன்.

"எடுத்துடறேண்ணா. ஆனா தம்பியும் போட்டிருக்கான், பங்கே தர்றானாம். நீங்க மட்டும் எடுத்தா ஊரு யார நல்லவன்னு சொல்லும்?"

"அவன் எப்படிடி அதே நேரத்துல போட்டான்?"

"நல்ல மனசு ரெண்டு பேருக்கும் ஒண்ணா வந்திருக்குண்ணா. எல்லாம் அப்பா புண்ணியம்."

போனில் அண்ணனுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "உங்களத் தெய்வம்னு எழுதியிருக்காங்க பாருங்க!"

தெய்வம் குரலைத் தாழ்த்தியது. "அவன் பங்குன்னா சொன்னான்? நானும் பங்குன்னு போடு. அவனவிடக் கொஞ்சம் கூடவே போடு."

அதைப் பார்த்த தம்பி துள்ளினான். "அப்ப என் போர்டுல உன் பேரு மொதல்லன்னு போடுக்கா!"

ஏலம் சூடாகவே நடந்தது. ஒருவன் பின்வாங்கினால் மற்றவன் உத்தமனாகிவிடுவான் என்ற பயத்தில், இருவரும் சொன்னதைப் பத்திரத்திலும் எழுதிக் கொடுத்தார்கள். கல்லாவில் உட்கார்ந்ததும் அவள் இருவரையும் எதிரே நிற்கவைத்து வீடியோ எடுத்தாள்.

"தப்புப் பண்ணிட்டோம்" என்றார்கள்.

"கேக்கல. மறுபடியும்."

"தப்புப் பண்ணிட்டோம்!"

"தம்பி, பல்லு தெரியுது. அண்ணா, இன்னும் கொஞ்சம் குனிங்க. மறுபடியும்."

தலையணை வாங்க வந்தவர்கள் கைதட்டினார்கள். மூன்றாவது முறை எடுத்ததே நன்றாக இருந்தது. இருந்தாலும் இன்னும் நாலைந்து முறை எடுத்தாள்.

பிறகு தளத்தைத் திறந்தாள். அந்த வீடியோ இரண்டு பக்கத்திலும் வாரம் தவறாமல் திரும்பத் திரும்ப வரும்படி குறித்தாள். எதுவரைக்கும் என்று தளம் மரியாதையாகக் கேட்டது. முடிவுத் தேதிக்கான கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, சேமி என்ற பொத்தானை அழுத்தினாள்.