இடப்பக்கத்து பிரேக்

உயிரைப் பிறர் பாதத்தில் ஒப்படைத்துவிட்டு அருகிலேயே அமர்ந்திருக்கும் தொழில் எங்களுடையது. மேற்குத் தாம்பரத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துவரும் கோ. தணிகாசலமாகிய நான், அகவை அறுபத்தேழு நிறைந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளியைவிட்டு வெளியேறி, எஞ்சிய தமிழை அகராதியிலிருந்து தானே பயின்றவன். ஆசிரியத் தொழிலுக்கென நம் மொழியில் உள்ள சொற்களுள் நான்கின் பொருளை ஒரே மாணவியிடம் பட்டறிந்தேன். யாருக்கேனும் எதையேனும் கற்றுக்கொடுத்து நொந்துபோன வாசகர்களே, நீங்களும் என் இனம்தான்.

அறிவுறுத்தல்

ஸ்டெல்லா அம்மையார் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் கணவர் ஜெயராஜ் வாரம் மூன்று நாள் குரோம்பேட்டைக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டும். வருவதாகச் சொன்ன வாடகைக் கார் கடைசி நிமிடத்தில் வராமற்போய், இருமுறை சிகிச்சை தவறி, அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. வீட்டில் கார் சும்மா நிற்க, இனி யாரையும் நம்புவதில்லை என்று அறுபதாம் வயதில் ஓட்டப் பழக வந்தார் அம்மையார்.

முதல் நாள் கிளட்ச், கியர், கண்ணாடி ஆகியவற்றை முக்கால் மணி நேரம் விளக்கினேன். காரில் இருந்தது நாங்கள் இருவர் மட்டுமே. நோட்டில் அடிக்கோடிட்டு எழுதி முடித்தவர், பேனாவை மூடிக்கொண்டு சொன்னார்: "விஷயம் இருக்கு சார். ஆனா இவ்ளோ வேகமா நடத்தினா கடைசி பெஞ்சுக்குப் புரியாது."

கண்டித்தல்

ஒன்பதாம் நாள் முடிச்சூர் சாலை நடுவில் வண்டி அணைந்துவிட்டது. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனை அலறவிட்டபடி பக்கத்தில் வந்து, "இன்னாமா, நடுரோட்ல கோலம் போட்டுகினு கீற?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அம்மையார் கண்ணாடியை இறக்கி, "யாரு அது?" என்றார்.

அந்த இரண்டு சொல்லில் நாற்பது வயது மனிதரின் முகம் வெளிறியதை இன்றும் நம்ப முடியவில்லை. ஹாரனிலிருந்து கையை எடுத்தார். வாயிலிருந்த பாக்கைத் துப்பினார். "நைன்த் பி சேகர், மிஸ். சாரி மிஸ். நீங்க எவ்ளோ நேரம் வேணா நில்லுங்க மிஸ்."

பயிற்றுவித்தல்

இருபது நாளில் அவர் அருமையாக ஓட்டினார். அவர்கள் வீட்டுக் காரிலேயே சிவப்பு 'எல்' ஒட்டி, பின்னிருக்கையில் ஜெயராஜை அமர்த்தி, பெருமையோடு புறப்பட்டோம். தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. நான் வழக்கம்போல் காலை அழுத்தினேன். காலுக்கடியில் வெறும் மிதியடிதான் இருந்தது. எங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வண்டிகளில் மட்டுமே ஆசிரியர் பக்கத்திலும் பிரேக் உண்டு என்பது அந்தக் கணத்தில்தான் உறைத்தது. கைபிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கைத் திருப்ப, கார் ஒரு மணல்மேட்டில் முகம் புதைத்து நின்றது.

"மாஸ்டர், வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரியே எனக்குப் போதும்" என்றார் ஜெயராஜ். ஏனம்மா நிறுத்தவில்லை என்று கேட்டேன். அம்மையார் உண்மையான வியப்போடு என்னைப் பார்த்தார். "பிரேக் எப்பவும் நீங்கதானே சார் போடுவீங்க?"

கற்பித்தல்

அவர் சொன்னது உண்மை. அவர் கால் எழும்புமுன் என் கால் அழுத்திவிடும். இருபது நாளும் வண்டியை நிறுத்தியவன் நானே. இப்படி எத்தனை பேரைச் சாலையில் இறக்கிவிட்டிருக்கிறேனோ!

மறுநாள் காலை பள்ளி வண்டியில் ஏறியதும், இருக்கைமேல் சம்மணமிட்டு அமர்ந்தேன். "என்ன சார், பந்திக்கு உக்காந்த மாதிரி?" என்றார் அம்மையார். "என் கால்களுக்கு இன்று முதல் விடுப்பு, அம்மா" என்றேன். கை மட்டும் கைபிரேக்கின் மேல் இருந்தது. படப்பைச் சாலையில் ஒரு எருமை நிதானமாகக் குறுக்கே வந்தது. முழங்காலை மற்றக் கையால் பிடித்து அடக்கினேன். எருமைக்கு ஒரு முழம் முன்னால், என் தோளில் பெல்ட் அறுக்க, வண்டி நின்றது. அம்மையார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இப்பதான் சார் நீங்க நடத்தினது புரியுது."

உரிமம் பெற்ற அம்மையார், கணவரைத் தாமே ஏற்றிச்சென்று மருத்துவமனை வாசலில் குலுக்கலின்றி நிறுத்தியதும், இருபத்தாறு ஆண்டு அனுபவமுள்ள எனக்குக் கற்பிக்கத் தெரிந்துவிட்டதென்று உறுதியானதும், ஆடி மாதத்து முதல் திங்கட்கிழமை.